கிளாடியேட்டர்: ஸ்போர்ட் போதுமா, ரூபிகான் வேண்டுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. டென்வரில் வசிக்கிறீர்கள், வீட்டில் நான்கு பேர், ஜீப் கிளாடியேட்டர் பிக்கப் டிரக் வாங்குவது என்று முடிவாகிவிட்டது. விலை குறைந்த டிரிம்மான (ஒரே வண்டியின் வசதிப் பிரிவுகளில் ஒன்றான) ஸ்போர்ட்டை வாங்கி, மிச்சமாகும் பணத்தில் டயர் முதலியவற்றை மாற்றிக்கொள்ளலாமா, அல்லது எல்லாம் பொருத்தப்பட்டே வரும் ரூபிகானை எடுத்துவிடலாமா? கோடையில் கொலராடோவின் மலைப்பாதைகளுக்கும் ஆண்டுக்கு ஒருமுறை யூட்டா மாநிலத்தின் மோவாபுக்கும் போக வேண்டும். கடைசி வரியில், போகிற போக்கில், ‘ஒரு சின்ன கேம்பரும் (தங்கும் வசதியுள்ள டிரெய்லர்) இழுக்க வேண்டும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியமாகப் படுகிறது. ஏனென்று போகப் போகச் சொல்கிறேன்.

நான் ஆக்ஸில், கியர் சம்பந்தப்பட்ட பொறியியல் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன். வார இறுதிகளில் இதே மலைப்பாதைகளில் வண்டி ஓட்டுகிறவன். எந்த நிறுவனத்தின் விற்பனையாளனும் அல்லன். இருக்கையின் தோல், பாட்டுப்பெட்டியின் தரம் போன்றவற்றில் என் கருத்துக்கு மதிப்பில்லை. வண்டியின் அடிப்பக்கத்தைப் பற்றிச் சொன்னால் கொஞ்சம் நம்பலாம்.

நீங்கள் கேட்டிருப்பது எது சிறந்த வண்டி என்பதை அல்ல என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்: பாறையில் ஏற ரூபிகான்தான் சிறந்தது. நீங்கள் உண்மையில் கேட்பது, ரூபிகானுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் எந்தப் பகுதியைப் பின்னால் கடையில் வாங்கிச் சேர்க்க முடியும், எந்தப் பகுதியைச் சேர்க்கவே முடியாது என்பது. 2020 மாடலாக இந்த வண்டி அறிமுகமானபோது ஸ்போர்ட்டின் அடிப்படை விலை 33,545 டாலர், ரூபிகானுடையது 43,545 டாலர். சரியாகப் பத்தாயிரம் வித்தியாசம். அதற்குப் பிறகு விலைகள் எங்கெங்கோ போய்விட்டன. ஆனால் அந்தப் பத்தாயிரத்துக்குள் என்ன இருந்தது என்று பிரித்துப் பார்ப்பது இன்றும் பயன் தரும்.

இரண்டு வண்டிகளிலும் என்ஜின் ஒன்றுதான்: 3.6 லிட்டர் வி6, 285 குதிரைத்திறன். முன்னும் பின்னும் டானா 44 வகை ஆக்ஸில்கள். ஆக்ஸில்களின் நடுவே இடைவெளி 137.3 அங்குலம், மொத்த நீளம் 218 அங்குலம். இவை எந்த டிரிம்மிலும் மாறுவதில்லை. ரூபிகானில் கூடுதலாக வருபவை: முன், பின் ஆக்ஸில் இரண்டிலும் மின்விசையால் பூட்டும் டிஃபரன்ஷியல் (இடது, வலது சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பாகம்), ஸ்போர்ட்டில் 2.72 ஆக இருக்கும் லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக விசையோடு ஊரும் நிலை) விகிதத்துக்குப் பதிலாக 4.0 தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்ஸில்களுக்கு விசையைப் பகிரும் பெட்டி), பொத்தானை அழுத்தினால் விடுபடும் முன்பக்க ஸ்வே பார் (வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் தண்டு), 3.73-க்குப் பதில் 4.10 ஆக்ஸில் விகிதம் (எண் கூடினால் இழுவிசை கூடும்), 33 அங்குல டயர்கள், கதவுக்குக் கீழேயும் பின்தொட்டியின் மூலையிலும் பாறையில் உரசத் தாங்கும் எஃகுக் கம்பிகள். மற்றவை அலங்காரமும் வசதியும். 2024 முதல் 12.3 அங்குலத் திரை எல்லா டிரிம்மிலும் வந்துவிட்டதால் அந்த வாதமும் இப்போது இல்லை.

முதலில் லாக்கர், அதாவது அந்தப் பூட்டும் டிஃபரன்ஷியல். இதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். பேசுவதற்கு நியாயமும் உண்டு. சாதாரண டிஃபரன்ஷியல் இடது, வலது சக்கரங்கள் இரண்டுக்கும் எப்போதும் சம அளவு முறுக்கு விசையைத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் காற்றில் தொங்கினால் அதைச் சுழற்றக் கிட்டத்தட்ட விசையே தேவையில்லை. எனவே தரையில் ஊன்றியிருக்கும் மற்றச் சக்கரத்துக்கும் கிட்டத்தட்ட ஒன்றுமே கிடைக்காது. வண்டி நின்றுவிடும், தொங்கும் சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். இதைச் சமாளிக்க ஸ்போர்ட்டிலும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. சுழலும் சக்கரத்தைக் கணினி கண்டுபிடித்து அதன் பிரேக்கைப் பிடிக்கும். டிஃபரன்ஷியல் ஏமாந்து மற்றச் சக்கரத்துக்கும் விசை அனுப்பும். இது வேலை செய்கிறது, பலர் நினைப்பதைவிட நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் சக்கரம் முதலில் கொஞ்சம் வழுக்கினால்தான் கணினிக்குத் தெரியும். அதனால் ஓட்டுபவர் பயந்து ஆக்சிலரேட்டரை விட்டுவிடாமல் சீராக அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். புதிதாக ஓட்டுபவர்கள் சரியாக அந்த நொடியில்தான் காலை எடுத்துவிடுகிறார்கள். நீண்ட, தளர்ந்த கல் ஏற்றங்களில் பிரேக் சூடாவதும் உண்டு. லாக்கர் போட்டால் இரண்டு சக்கரங்களும் ஒன்றாகச் சுற்றும். வழுக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மெதுவாக, கல்லைப் புரட்டாமல், பாதையைக் குழியாக்காமல் ஏறலாம்.

அப்படியானால் லாக்கர் இல்லாமல் எங்கெல்லாம் போக முடியாது? இங்கேதான் பாதைகளின் பெயரைச் சொல்லிப் பேச வேண்டும். லேக் சிட்டி, யூரே, சில்வர்ட்டன் ஊர்களை இணைக்கும் ஆல்பைன் லூப்பில் எஞ்ஜினியர் பாஸ், சின்னமன் பாஸ் என்ற கணவாய்கள் இரண்டும் 12,600 அடிக்கு மேலே உள்ளவை. வறண்ட கோடையில், நல்ல டயரும் லோ ரேஞ்சும் இருந்தால் ஸ்போர்ட் இவற்றைக் கடந்துவிடும். 13,114 அடி உயரமுள்ள இமோஜீன் பாஸ் அதைவிடச் சற்றுக் கரடுமுரடு. அங்கும் ஸ்போர்ட் போகும், ஓட்டுபவர்தான் கொஞ்சம் வியர்ப்பார். மோவாபில் ஷேஃபர் டிரெயிலும், கேன்யன்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குள் சுமார் 100 மைல் சுற்றிவரும் ஒயிட் ரிம் சாலையும் அழகுக்காகப் போகும் பாதைகள், லாக்கருக்காக அல்ல. ஒயிட் ரிம்முக்கு முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்க மறக்காதீர்கள். ஹெல்ஸ் ரிவெஞ்ச், பாய்சன் ஸ்பைடர் போன்ற பெயர்களை உங்கள் பட்டியலில் எழுதியிருந்தால் கதை வேறு. அங்கே வழவழப்பான மணற்பாறையில் படிப்படியாக ஏற வேண்டும். ஒரு சக்கரம் மேலே தூக்கிக்கொள்வது அன்றாடக் காட்சி. குறைந்தபட்சம் பின் லாக்கர் இல்லாமல், குழந்தைகளை வைத்துக்கொண்டு, அங்கே போகச் சொல்ல மாட்டேன்.

பிளாக் பேர் பாஸைப் பற்றியும் பலர் கேட்பார்கள். டெல்யுரைடை நோக்கி இறங்கும் ஒருவழிப் பாதை அது. அங்கே சிக்கல் லாக்கர் அல்ல, நீளம். நான்கு கதவு ராங்கலரைவிட இந்த வண்டி சுமார் இரண்டரை அடி நீளம் அதிகம். அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் ரூபிகானாக இருந்தாலும் முன்னும் பின்னுமாக எடுத்து எடுத்துத்தான் திரும்ப வேண்டும், பள்ளம் பக்கத்தில் இருக்கும்போது. இதற்குக் காசு கொடுத்து எந்த டிரிம்மிலும் தீர்வு வாங்க முடியாது.

இதே நீளத்தால் வரும் இன்னொரு தொல்லை வயிறு தட்டுவது. மேட்டின் உச்சியைத் தாண்டும்போது நடுப்பகுதி தரையில் படாமல் கடக்கும் கோணம் ஸ்போர்ட்டில் 18.4 டிகிரி, ரூபிகானில் 20.3. வித்தியாசம் இரண்டு டிகிரிதான். ஆகவே இரண்டு வண்டிகளும் தட்டும். ரூபிகானில் தட்டும்போது எஃகுக் கம்பி வாங்கிக்கொள்ளும், ஸ்போர்ட்டில் கதவுக்குக் கீழுள்ள தகடு வாங்கிக்கொள்ளும். ஸ்போர்ட் வாங்கினால் லிப்ட் (வண்டியை உயர்த்தும் பாகங்கள்), விளக்கு, கூரைத் தட்டு எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தக் கம்பிகளைப் பொருத்துங்கள். வீட்டு வாசலில் இரண்டு பேர் ஒரு மதியத்தில் செய்துவிடலாம்.

லோ ரேஞ்ச் விகிதத்தை எடுத்துக்கொள்வோம். 4:1 என்பது பெரிய மந்திரம்போலப் பேசப்படுகிறது. கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஆட்டோமேட்டிக் கியர்பெட்டியின் முதல் கியர் 4.71. ரூபிகானில் 4.71-ஐ 4-ஆலும் 4.10-ஆலும் பெருக்கினால் சுமார் 77. ஸ்போர்ட்டில் 4.71, 2.72, 3.73 மூன்றையும் பெருக்கினால் சுமார் 48. என்ஜின் சும்மா ஓடும் வேகத்தில் ரூபிகான் மணிக்குச் சுமார் ஒரு மைல் வேகத்தில் ஊரும், ஸ்போர்ட் ஒன்றரை மைல். செங்குத்தான இறக்கத்தில் இந்த வித்தியாசத்தை உடம்பே உணரும். பிரேக்கைத் தொடாமல் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும் நிம்மதி ரூபிகானில் அதிகம். ஆனால் ஆட்டோமேட்டிக்கில் டார்க் கன்வெர்ட்டர் (என்ஜினின் முறுக்கு விசையைத் திரவம் வழியாகப் பெருக்கித் தரும் பாகம்) இருப்பதால் ஏற்றத்தில் இந்தக் குறை பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. கிளட்ச் உள்ள மேனுவலில்தான் 4:1 இன்றியமையாததாக ஆகிறது. மேனுவல் 2024 மாடலோடு நின்றுவிட்டது; பழைய வண்டி தேடுகிறீர்கள் என்றால் மட்டும் இதை நினைவில் வையுங்கள். மேனுவல் ரூபிகானின் இழுவை வரம்பு 4,500 பவுண்டுதான் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள், அது உங்கள் கேம்பருக்கு ஒத்துவராமல் போகலாம்.

ஸ்வே பார் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. அதை விடுவித்தால் முன் ஆக்ஸில் தாராளமாக மேலும் கீழும் அசையும், சக்கரங்கள் தரையை விட்டு எழுவது குறையும், லாக்கரின் தேவையும் அந்த அளவுக்குக் குறையும். ரூபிகானில் பொத்தான். ஸ்போர்ட்டில் கையால் கழற்றும் இணைப்புத் தண்டுகளைச் சில நூறு டாலருக்குள் வாங்கிப் போடலாம்; பாதையின் வாயிலில் இறங்கி, குனிந்து, ஊசியைக் கழற்ற வேண்டும். சேற்றில் குனிவது பிடிக்காது என்றால் பொத்தானுக்குப் பணம் கொடுக்கலாம், அது தனிப்பட்ட விருப்பம்.

டயர் எல்லாவற்றிலும் எளிது. ஸ்போர்ட்டின் 245/75ஆர்17 டயர் கிட்டத்தட்ட 31.5 அங்குல உயரம். ரூபிகானின் 285/70ஆர்17 அளவு, 33 என்று சொல்லப்பட்டாலும், கணக்குப்படி 32.7. உயரத்தில் ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகம். ஆக்ஸிலின் அடிக்குக் கிடைக்கும் இடைவெளி அதில் பாதிதான். உயரத்தைவிட டயரின் ரப்பரும் பக்கச்சுவரின் வலுவும் முக்கியம், அவற்றைவிடவும் காற்றழுத்தம் முக்கியம். பாதை தொடங்கும் இடத்தில் காற்றை 20 பிஎஸ்ஐ அருகே இறக்கிவிட்டு, திரும்பும்போது ஒரு சிறிய கம்ப்ரஸரால் ஏற்றிக்கொள்ளும் பழக்கம், நான் அறிந்தவரை, செலவுக்குக் கிடைக்கும் பலனில் எல்லா உதிரி பாகங்களையும் தோற்கடிக்கிறது. ரூபிகான் வாங்கிவிட்டு நெடுஞ்சாலைக் காற்றழுத்தத்திலேயே பாறையில் ஏறுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பல் ஆடும் அளவுக்குக் குலுங்கிக்கொண்டு, வண்டியைக் குறை சொல்லிக்கொண்டு போவார்கள்.

டயரோடு ஒரு எச்சரிக்கை. ஸ்போர்ட்டின் 3.73 விகிதத்தின் மேல் 33 அங்குல டயரைப் போட்டால், வண்டிக்கு அது 3.59 விகிதம்போலத் தோன்றும். சமவெளியில் பெரிதாகத் தெரியாது. நீங்களோ டென்வரில் இருக்கிறீர்கள். டர்போ இல்லாத என்ஜின் ஒவ்வொரு ஆயிரம் அடி உயரத்துக்கும் ஏறக்குறைய மூன்று சதவீதம் சக்தியை இழக்கிறது. உங்கள் வீட்டு வாசலிலேயே 285 குதிரைத்திறன் 240-க்கு இறங்கிவிடுகிறது. ஐ-70 நெடுஞ்சாலையில் 11,000 அடிக்கு மேல் இருக்கும் ஐசன்ஹோவர் சுரங்கத்தை நெருங்கும்போது மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். பின்னால் கேம்பர் இருந்தால் என்ஜின் அலறும், பின்னால் வரும் டிரக் ஓட்டுநர்கள் உங்களை முந்துவார்கள். அதனால்தான் 4.10 விகிதத்தை உங்களுக்கு நான் ஆடம்பரமாகக் கருதவில்லை. 2021 முதல் 2023 மாடல் வரை ஒரு 3.0 லிட்டர் டர்போ டீசலும் விற்கப்பட்டது. உயரத்தில் அது இவ்வளவு மூச்சு வாங்காது. பழைய வண்டியில் டீசல் எடுப்பதற்கு வேறு யோசனைகள் உண்டு, அது தனிக் கேள்வி.

இப்போது கேம்பருக்கு வருகிறேன். ரூபிகானைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடும் எண் ஒன்று இருக்கிறது: வண்டி சுமக்கக்கூடிய எடை. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். பயணிகளும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் அச்சிட்டிருக்கும். லாக்கர், கம்பி, பெரிய டயர் எல்லாவற்றுக்கும் எடை உண்டு. அந்த எடை இந்த எண்ணிலிருந்துதான் கழிகிறது. ரூபிகானில் இது பொதுவாக 1,100 முதல் 1,200 பவுண்டுக்குள் நிற்கிறது. ஸ்போர்ட்டில் மேக்ஸ் டோ என்ற இழுவைத் தொகுப்பைச் சேர்த்தால் 1,600 வரை போகலாம். விளம்பரத்தில் வரும் எண் எப்போதும் வசதிகள் மிகக் குறைந்த வண்டியினுடையது. நீங்கள் வாங்கப்போகும் அந்தக் குறிப்பிட்ட வண்டியின் கதவில் ஒட்டியிருப்பதைத்தான் நம்ப வேண்டும்.

ஒரு கணக்கு போடுகிறேன், உங்கள் எண்களை வைத்து நீங்கள் திருத்திக்கொள்ளலாம். நீங்கள் 180, மனைவி 140, பிள்ளைகள் 80, 60 என்றால் மொத்தம் 460 பவுண்டு. கேம்பர் சாமான்களுடன் 4,500 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். டிரெய்லரின் எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் அதன் மூக்கு வழியாக வண்டியின் மேல் உட்கார வேண்டும். அதற்குக் குறைந்தால் நெடுஞ்சாலையில் டிரெய்லர் வால் ஆட்டும், அது உயிருக்கு ஆபத்து. பன்னிரண்டு சதவீதம் என்றால் 540 பவுண்டு. 460-உம் 540-உம் ஆயிரம் ஆகிவிட்டது. இன்னும் பின்தொட்டியில் எதுவும் வைக்கவில்லை. குளிர்பெட்டி, கருவிப்பெட்டி, ஐந்து காலன் தண்ணீர் இரண்டு கேன் (அது மட்டுமே 80 பவுண்டுக்கு மேல்), விறகு, தொட்டிக்கு மூடி என்று வைத்தால் ரூபிகானின் எல்லையைத் தாண்டிவிடுவீர்கள். மேக்ஸ் டோ ஸ்போர்ட்டிலோ இன்னும் சில நூறு பவுண்டு மிச்சமிருக்கும். இழுவை வரம்பைப் பார்த்தால் ஆட்டோமேட்டிக் ரூபிகானுக்கு 7,000 பவுண்டு, மேக்ஸ் டோவுக்கு அறிமுகமானபோது 7,650. இரண்டுமே 4,500 பவுண்டு கேம்பருக்குத் தாராளம். முதலில் தீர்ந்துபோவது இழுவை அல்ல, சுமை. விற்பனையாளர் 7,000 என்ற எண்ணையே திரும்பத் திரும்பச் சொல்வார். பொய் இல்லை, ஆனால் உங்கள் கேள்விக்கு அது பதில் அல்ல.

இந்தச் சுமை எண்ணைப் பின்னால் உயர்த்த முடியாது. தடிமனான ஸ்பிரிங் போட்டால் வண்டியின் பின்பக்கம் தொய்வது நிற்கும், பார்க்க நேராக இருக்கும். ஆனால் பிரேக், ஆக்ஸில், அடிச்சட்டகம், டயர் எல்லாவற்றையும் சேர்த்துத் தொழிற்சாலை நிர்ணயித்த மொத்த எடை வரம்பு மாறாது. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனமும் வழக்கறிஞரும் அந்த ஸ்டிக்கரைத்தான் படிப்பார்கள். லாக்கரைப் பின்னால் சேர்க்கலாம், சுமையைச் சேர்க்க முடியாது. இந்த ஒன்றுக்காகத்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

மேக்ஸ் டோ தொகுப்பில் என்ன இருக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் அதை வெறும் கொக்கி என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். 4.10 ஆக்ஸில் விகிதம், ரூபிகானில் இருப்பதைப் போன்ற அகலமான ஆக்ஸில்கள், கூடுதல் குளிரூட்டும் வசதி ஆகியவை அதில் வருகின்றன. ஆட்டோமேட்டிக்கோடு மட்டுமே கிடைக்கும். இதில் லோ ரேஞ்சில் முதல் கியர் கணக்கு 52-க்கு வந்துவிடும். பாறைப் பிரியர்கள் வெறும் ஸ்போர்ட்டோடு ரூபிகானை ஒப்பிட்டு வெற்றி முழக்கம் செய்வது வழக்கம். இந்த நடுவழியை அவர்கள் பேசுவதே இல்லை.

ஸ்போர்ட்டையே படிப்படியாக ரூபிகானாக மாற்றலாமா என்றால், மாற்றலாம், செய்யாதீர்கள். இரண்டு ஆக்ஸிலுக்கும் லாக்கர் தலா ஆயிரம் டாலருக்கு மேல், கூலி தனி. விகிதம் மாற்றினால் முன், பின் இரண்டிலும் பற்சக்கர ஜோடியைக் கழற்றி அளந்து பொருத்த வேண்டும். அதைச் சரியாகச் செய்யத் தெரிந்தவர்கள் குறைவு. தவறாகச் செய்தால் நெடுஞ்சாலையில் ஊளையிடும், பிறகு உடையும். டிரான்ஸ்ஃபர் கேஸ் இன்னொரு பெருஞ்செலவு. டயர், கம்பி, ஸ்வே பார் எல்லாம் கூட்டினால் தொழிற்சாலை வாங்கும் பத்தாயிரத்தைத் தாண்டிவிடும். முழு ரூபிகான்தான் வேண்டும் என்று இன்றே உங்களுக்குத் தெரிந்தால், ரூபிகானையே வாங்குவது மலிவு. பின் லாக்கர் ஒன்று மட்டும் பிறகு சேர்ப்பது நியாயமான வழி. அதைச் செய்யும்போது விகிதத்தையும் மாற்றும் எண்ணம் இருந்தால் ஒரே தடவையில் செய்யுங்கள். ஆக்ஸிலைத் திறக்கும் கூலி ஒருமுறையோடு போய்விடும்.

‘வெளிப்பாகம் (வேறு நிறுவனத்தின் பாகம்) போட்டால் உத்தரவாதம் போய்விடும்’ என்று விற்பனை மேசையில் சொல்லக்கூடும். 1975-ஆம் ஆண்டு மாக்னசன்-மாஸ் சட்டப்படி, வெளிப்பாகம் பொருத்தப்பட்டிருக்கிறது என்பதற்காக மட்டும் உத்தரவாதத்தை மறுக்க முடியாது; அந்தப் பாகம்தான் பழுதுக்குக் காரணம் என்று அவர்கள் காட்ட வேண்டும். அதே சமயம், நீங்கள் பின் ஆக்ஸிலைத் திறந்து லாக்கர் போட்ட பிறகு அதே ஆக்ஸில் பழுதானால், அந்த வாக்குவாதத்தில் நீங்கள் எளிதில் ஜெயிப்பீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சட்டம் ஒன்று, சர்வீஸ் கவுண்டரில் நடப்பது வேறு.

இதுவரை எழுதியதில் விகிதம், எடை, கோணம் பற்றியவை உறுதியானவை. இனி எழுதுவது என் கணிப்பு. ரூபிகானின் மறுவிற்பனை மதிப்பு அதிகம் என்பது பொதுவாகச் சொல்லப்படுகிறது. கேட்கும் விலையில் அது தெரிகிறது. ஆனால் முதலில் கொடுத்த கூடுதல் பணத்தில் எவ்வளவு திரும்பி வரும் என்பது அந்த நேரத்துச் சந்தையைப் பொறுத்தது. அதை நம்பி ரூபிகான் வாங்க வேண்டாம். எளிய டிரிம் குறைவாகப் பழுதாகும் என்பதும் அப்படித்தான். மின்விசை லாக்கரிலும் ஸ்வே பாரிலும் மின்கம்பிகளும் உணர்விகளும் இருக்கின்றன, சேறும் சாலையில் தூவும் உப்பும் அவற்றைப் பிடிக்கும் என்பது தர்க்கத்துக்கு ஒத்துவருகிறது. என் கண்ணில் பட்ட பழுதுகளில் பாதிக்கு மேல், மாதக்கணக்கில் அந்தப் பொத்தானைத் தொடாமலே வைத்திருந்தவர்களுடையவை. மாதம் ஒருமுறை லோ ரேஞ்சில் போட்டு, லாக்கரையும் ஸ்வே பாரையும் இயக்கிவிடுங்கள். தார்ச்சாலையில் அல்ல, மண்ணிலோ சரளையிலோ.

நடுவில் இரண்டு டிரிம்கள் உங்கள் கண்ணில் படும். வில்லிஸ் என்பது ஸ்போர்ட்டின் எலும்புக்கூட்டில் தரமான டயர், ஷாக் அப்சார்பர், எஃகுக் கம்பிகளோடு வந்தது. அதில் என்னென்ன அடங்கும் என்பது மாடல் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் அந்த ஆண்டின் பட்டியலைப் பார்த்தே பேச வேண்டும். மொஹாவி வேறு ஜாதி. பாலைவன மணலில் வேகமாகப் போவதற்கான ஃபாக்ஸ் ஷாக் அப்சார்பர்கள், பின் லாக்கர் மட்டும், லோ ரேஞ்ச் 2.72. விலை ரூபிகானுக்குப் பக்கத்தில் இருப்பதால் இரண்டும் ஒன்று என்று எண்ணிவிட வேண்டாம். மலைப்பாதைக்குப் போகும் குடும்பத்துக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

பனிக்காலம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் டென்வர்க்காரர் என்பதால் சொல்கிறேன். செப்டம்பர் 1 முதல் மே 31 வரை ஐ-70-இன் மலைப்பகுதியில் கொலராடோவின் டயர் விதி நடப்பில் இருக்கும். டயரின் பள்ளம் அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்காவது (3/16) இருக்க வேண்டும். ரூபிகானுக்கு மட்-டெரெயின் டயரை விருப்பத் தேர்வாகக் காட்டுவார்கள். பெரிய பற்களோடு பார்க்க மிரட்டலாக இருக்கும். உறைந்த சாலையில் அந்தப் பெரிய ரப்பர்க் கட்டிகள் வழுக்கும். மலையும் பனிச்செதிலும் சேர்ந்த முத்திரையுள்ள ஆல்-டெரெயின் டயரையே, எந்த டிரிம் எடுத்தாலும், கேட்டு வாங்குங்கள். லாக்கர் பனிச்சாலையில் உதவும் என்ற எண்ணமும் தவறு. பூட்டிய ஆக்ஸில் நேராகப் போவதையே விரும்பும். வளைவில் அது உங்களுக்கு எதிராக வேலை செய்யும்.

ஆக, உங்கள் இடத்தில் நான் இருந்தால்: கேம்பர் உறுதி என்றால், மேக்ஸ் டோ உள்ள ஸ்போர்ட் எஸ் (ஸ்போர்ட்டுக்கு அடுத்த படி). முதல் மாதத்திலேயே எஃகுக் கம்பியும் கம்ப்ரஸரும், பழைய டயர் தேய்ந்ததும் வலுவான ஆல்-டெரெயின், கையால் கழற்றும் ஸ்வே பார் தண்டுகள். இரண்டு கோடை ஓட்டிய பிறகும் எங்காவது ஒரு சக்கரம் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்றால் அப்போது பின் லாக்கர். கேம்பர் 3,000 பவுண்டுக்குள் அடங்கும் சிறு வகை என்றாலோ, கூடாரமே போதும் என்று வீட்டில் முடிவானாலோ, ஹெல்ஸ் ரிவெஞ்சுக்குப் போயே தீர வேண்டும் என்றாலோ, தயங்காமல் ரூபிகான் எடுங்கள், பத்தாயிரத்துக்கு அது நியாயமான சரக்கு. இரண்டுக்கும் நடுவே தவிக்கிறீர்கள் என்றால் முன்பணம் கட்டுவதற்கு முன் டீலரிடம் இருக்கும் இரண்டு வண்டிகளின் கதவு ஸ்டிக்கரையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். கேம்பருக்கு விளம்பரத்தில் போடும் காலி எடையை எடுத்துக்கொள்ளாமல் அதன் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அதிகபட்ச எடையை எடுங்கள். தண்ணீரும் எரிவாயுவும் துணியும் ஏறிய பிறகு எல்லாக் கேம்பரும் அந்த எண்ணை நோக்கித்தான் நகர்கின்றன. இந்த மூன்று எண்களையும் இங்கே எழுதினால், உங்கள் குடும்பத்துக்கான கணக்கை மறுபடி போட்டுத் தருகிறேன்.